முதல் பக்கத்தில் எழுதியது மூன்றாம் பக்கத்தில் எங்கே?

ரீச்சரிடம் கேளுங்கள் – இணையப் பகுதி

இந்த மாதம் வந்த கேள்விகளில் ஐந்து ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ஒரு படிவத்தில் ஆள் எழுதியதை அடுத்த படிவத்துக்கு எப்படிக் கொண்டுபோவது. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, ஐந்துக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

*

கேள்வி: வணக்கம் ரீச்சர். நான் நிலாவெளி. மாமாவிடம் நான்கு அறையுள்ள தங்குமிடமும், புறாமலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு போட்டும் இருக்கின்றன. அவருக்காக நானே பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு வெப்சைட் செய்தேன். முதல் பக்கத்தில் திகதி, எத்தனை பேர். இரண்டாம் பக்கத்தில் பெயர், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கம், ஃபோன். மூன்றாம் பக்கத்தில் எல்லாவற்றையும் காட்டி ஒரு ‘உறுதி’ பட்டன். இரண்டாம் பக்கத்தில் எழுதியது மூன்றாம் பக்கத்துக்கு வருகிறது, ஆனால் முதல் பக்கத்தில் போட்ட திகதியைக் காணவில்லை. மறைவுப் பெட்டி போடச் சொல்கிறான் ஒரு நண்பன். பக்க முகவரியோடு ஒட்டி அனுப்பச் சொல்கிறான் இன்னொருவன். யூடியூபில் செஷன் என்கிறார்கள். எதைச் செய்ய?

பதில்: தம்பி, உங்கள் திகதி வழியில் தொலையவில்லை. அது இரண்டாம் பக்கத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. அங்கே அதை வாங்கி வைக்க யாரும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கந்தோரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஜன்னலடிக்குப் போய் ஒரு தாளை நீட்டுகிறீர்கள். லிகிதர் வாங்கிப் பார்த்துப் பதில் சொல்லி அனுப்புகிறார். அடுத்த தாளோடு திரும்பி வந்தால் அதே ஜன்னலில் வேறொரு லிகிதர் இருக்கிறார். முன்னையவர் அவரிடம் எதையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. உங்கள் பிரவுசரும், தளத்தை வைத்திருக்கும் கொம்பியூட்டரான சேர்வரும் கதைப்பது இப்படித்தான். ஒவ்வொரு கோரிக்கையும் தனி. இதைப் பிழை என்று நினைக்கவேண்டாம். இரண்டும் கதைக்கும் முறையான எச்டிடிபியை அப்படித்தான் அமைத்தார்கள், இணையம் இவ்வளவு எளிதாகப் பெருகியதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். ஆனால் மூன்று பக்கப் பதிவு செய்யும்போது அந்த நினைவை நாங்கள்தான் கட்டிக் கொடுக்கவேண்டும்.

உங்கள் நண்பர்கள் சொன்ன இரண்டும் யூடியூபில் சொன்னதும் வேலை செய்யும். எதை எதற்குப் பாவிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முகவரியோடு ஒட்டி அனுப்புவது திகதி, ஆட்தொகை போன்ற சின்ன விஷயங்களுக்கு நல்லது. அதில் ஒரு வசதியும் உண்டு: கொழும்பில் இருக்கும் ஒருவர் அந்த இணைப்பை அப்படியே வாட்ஸப்பில் மனைவிக்கு அனுப்பி ‘இந்த நாள் சரியா பார்’ என்று கேட்கலாம். தமிழ் எழுத்து போனால் முகவரி நீளும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளைக் கொம்பியூட்டரில் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும், முகவரியில் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக விரியும். ‘திருகோணமலை’ என்ற சொல்லில் உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்து 10 குறியீடுகள். அந்த ஒரு சொல் முகவரியில் 90 எழுத்தாகிவிடும். இதையாவது பொறுக்கலாம். அடையாள அட்டை இலக்கத்தை முகவரியில் போடுவதைப் பொறுக்கவே முடியாது. அது பிரவுசரின் வரலாற்றில் கிடக்கும், சேர்வரின் பதிவேட்டில் கிடக்கும், தோளுக்குப் பின்னால் நிற்பவர் கண்ணிலும் படும்.

அடுத்தது மறைவுப் பெட்டி. முதல் பக்கத்துத் திகதியை இரண்டாம் பக்கப் படிவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியில் எழுதிவைத்தால், இரண்டாவதை அனுப்பும்போது அதுவும் சேர்ந்து மூன்றாவதுக்குப் போகும். எளிது. ஆனால் ‘மறைவு’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது திரையில்தான் தெரியாது, பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் முழுவதும் தெரியும், மாற்றவும் முடியும். என்னிடம் படித்த ஒரு பெடியன் தன் தளத்தில் மறைவுப் பெட்டிக்குள் விலையை வைத்திருந்தான். வகுப்பிலேயே, எல்லோரும் பார்த்திருக்க, பிரவுசரின் டெவலப்பர் பகுதியைத் திறந்து 12,000 ரூபாவை 120 ஆக்கி அனுப்பினேன். 120 ரூபாவுக்குப் பதிவு விழுந்தது. வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: ஆள் என்ன தெரிவுசெய்தார் என்பதை மட்டும் கொண்டுபோங்கள், விலையைக் கொண்டுபோகாதீர்கள். விலையை ஒவ்வொரு தடவையும் உங்கள் தரவுத்தளத்திலிருந்து சேர்வரே எடுத்துக் கணக்குப் போடட்டும்.

இன்னொன்று. ஆள் எழுதியதைப் பக்கத்தில் திரும்பக் காட்டும்போது அப்படியே கொட்டக் கூடாது. டி'குரூஸ் போலப் பெயருக்குள் ஒற்றை மேற்கோள் வந்தால், உங்கள் பெட்டி ஒற்றை மேற்கோளுக்குள் எழுதப்பட்டிருந்தால், பெயர் பாதியில் அறுந்துபோகும். வேண்டுமென்றே ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவன் இருந்தால் இன்னும் மோசம். பிஎச்பியில் இதற்கென்றே ‘எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. காட்டும் ஒவ்வொரு இடத்திலும் அதைப் பாவியுங்கள்.

இனி செஷன். கோயில் வாசலில் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு துண்டில் இலக்கம் தருவார்களே, அதேதான். செருப்பு அவர்களிடம், இலக்கம் உங்கள் கையில். தரவு சேர்வரில் இருக்கும், ஆளின் பிரவுசரில் நீண்ட ஓர் இலக்கம் மட்டும் குக்கீயாக இருக்கும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொண்டுல்லி குக்கீயை உருவாக்கியதற்குப் பின்னால் இருந்ததும் இந்த நினைவுப் பிரச்சினைதான்: ஒருவர் இணையக் கடையில் கூடைக்குள் போட்டது அடுத்த பக்கத்திலும் கூடைக்குள் இருக்கவேண்டும். பெயர், அடையாள அட்டை, ஃபோன் இவற்றுக்கு நீங்கள் செஷனையே பாவியுங்கள். தளம் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கிய வழியில் ஓடவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். துண்டைக் களவெடுத்தவன் செருப்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

செஷனில் புதிதாகப் பழகுகிறவர்கள் இரண்டு இடத்தில் விழுவார்கள். மூன்று பக்கத்திலும், எந்த எழுத்தும் திரைக்குப் போகுமுன், செஷனைத் தொடக்கும் ‘செஷன் ஸ்டார்ட்’ கட்டளை வரவேண்டும். முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் போச்சு. வெற்று வரியே இல்லை, ஆனாலும் ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்று பிழை வருகிறது என்றால், கோப்பைப் பழைய நோட்பேடில் யூடிஎஃப் 8 ஆகச் சேமித்தபோது தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ‘பொம்’ குறி ஏறியிருக்கும். தமிழில் எழுதுகிற எங்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பொம் இல்லாத யூடிஎஃப் 8 ஆகச் சேமியுங்கள். இரண்டாவது, நேரம். பிஎச்பியின் இயல்பான அமைப்பில் செஷன் தரவுக்கு 1440 வினாடி, அதாவது 24 நிமிடம். ஆள் எதையும் தொடாமல் இருந்து அந்த நேரம் கடந்தால் எப்போது வேண்டுமானாலும் அது துடைபடலாம். உங்கள் வாடிக்கையாளர் கடவுச்சீட்டைத் தேடி அறைக்குப் போவார், வழியில் யாரோடாவது கதைப்பார், அரை மணித்தியாலத்தில் வருவார். அந்த நேரத்தைக் கூட்டிவையுங்கள். அப்படியும் போய்விட்டால் வெறும் பக்கத்தைக் காட்டாமல், என்ன நடந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி சொல்லுங்கள்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. செஷன் பிரவுசருக்கு ஒன்று, டாபுக்கு ஒன்றல்ல. ஒரு தகப்பன் ஒரு டாபில் பிள்ளைகளோடு சனிக்கிழமைக்கும், இன்னொரு டாபில் அண்ணன் குடும்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்கும் பதிவு செய்யத் தொடங்கினால் இரண்டும் கலந்துபோகும். ஆகவே முதல் பக்கத்தை அனுப்பியதுமே தரவுத்தளத்தில் ‘முடியாத பதிவு’ என்று ஒரு வரி எழுதி, அதற்கு ஊகிக்க முடியாத ஒரு எழுமாற்று இலக்கம் கொடுங்கள். பக்கங்களுக்கிடையே அந்த இலக்கம் மட்டும் போகட்டும், அது யாருடைய செஷனுக்குரியது என்பதைச் சேர்வர் பார்த்துக்கொள்ளட்டும். நான் செய்கிற எல்லாத் தளத்திலும் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

கொண்டுவந்த தரவு பழசாகியும் போகும். முதல் பக்கத்தில் போட்டில் இரண்டு இடம் இருந்தது. மூன்றாம் பக்கத்துக்கு வருவதற்குள் உப்புவெளியிலிருந்து இன்னொருவர் அதை எடுத்திருக்கலாம். ‘உறுதி’ அழுத்தும் அந்தக் கணத்தில் இடம், திகதி, விலை மூன்றையும் சேர்வர் திரும்பச் சரிபார்க்கவேண்டும். மாரியில் கடல் குழம்பியிருக்கும் மாதங்களுக்கு யாராவது திகதி போட்டாலும் அங்கேயே பிடிபடும்.

*

கேள்வி: நான் திருகோணமலை டவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் வெப்சைட் பார்க்கிறேன். எங்கள் விண்ணப்பத்தில் நான்கு படிவங்கள். நான்கிலும் பெயர், முகவரி, குடும்ப விபரம் கேட்கிறோம். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். ‘சனம் எழுதும்தானே, அதற்கு ஏன் இரண்டு கிழமை செலவழிக்கிறாய்?’ என்கிறார் மேலாளர். அவரிடம் என்ன சொல்ல?

பதில்: தங்கச்சி, முதலில் அவரிடம் காட்டக்கூடியதைச் சொல்கிறேன். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ 3 சி அமைப்பு 2023 ஒக்டோபரில் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டி 2.2இல் 3.3.7 என்று ஒரு விதி இருக்கிறது. ஒரே அலுவலுக்குள் ஆள் ஏற்கெனவே கொடுத்த தகவலைத் திரும்பக் கேட்டால், அதைத் தானாக நிரப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது தெரிவுசெய்யக் கொடுக்கவேண்டும். மூன்று விலக்குத்தான்: திரும்ப எழுதுவதே அந்த அலுவலுக்கு அவசியமாக இருப்பது, பாதுகாப்பு, முன்பு கொடுத்த தகவல் இப்போது செல்லாமல் போனது. கடவுச்சொல்லை இரண்டு தடவை கேட்பது விலக்கு. முகவரியை நான்கு தடவை கேட்பது விலக்கல்ல. அந்த விதி அதன் அடிப்படை மட்டமான ‘ஏ’யில் இருக்கிறது, மேலதிக வசதியாக அல்ல. நினைவாற்றல் குறைந்தவர்கள், எழுதக் கஷ்டப்படுகிறவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போகிற இடம் இதுதான்.

இனி என்னுடைய காரணத்தைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, தைமாதத் தொடக்கத்தில், உயர்தரம் எழுதி முடித்திருந்த நாங்கள் சிலர் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் படிவம் நிரப்ப உதவிக்குப் போனோம். கடலோடு போன வீடுகளின் ஆட்கள் அங்கே தங்கியிருந்தார்கள். மேசைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு இடத்திலிருந்து வந்தது, ஒவ்வொன்றுக்கும் தன் படிவம். பெயர், கிராமம், குடும்பத்தில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர். கடைசியாகச் சொன்ன கேள்விக்கு எல்லா மேசையிலும் பதில் சொல்லவேண்டும், பெயரோடும் வயதோடும்.

நான் நான்காவது மேசை. ஒரு அம்மா வந்து கதிரையில் இருந்தா. நான் கேள்வியைத் தொடங்கினேன். அவ வாய் திறக்கவில்லை. மடியிலிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து என் முன்னால் விரித்தா. நாலாக மடித்து, மடித்த இடம் ஈரத்தில் நைந்திருந்தது. அவவுடைய பெறாமகன் மூன்றாவது மேசையில் எழுதினதைப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறான். ‘இதைப் பார்த்து எழுது பிள்ளை’ என்றா. நான் பார்த்து எழுதினேன். இரண்டு பெயருக்குப் பக்கத்தில் வயது மட்டும் இருந்தது, ஒன்பது, ஆறு. எழுதி முடித்ததும் தாளைத் திரும்ப மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஐந்தாவது மேசைக்குப் போனா.

மேசைகளில் இருந்த யாரும் கெட்டவர்களல்ல. ஒரு மேசை எழுதினதை மற்ற மேசை வாங்கிக்கொள்ள வழியில்லை, அவ்வளவுதான். அந்த வழியை அந்த அம்மாவே செய்துகொண்டா. உங்கள் விண்ணப்பத்திலும் ‘குடும்ப விபரம்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. யார் எதை நினைத்துக்கொண்டு அதை நிரப்புகிறார்கள் என்று உங்கள் மேலாளருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு கிழமை வேலை என்றால் இரண்டு கிழமை செய்யுங்கள். ஒரு தடவை கேளுங்கள், அடுத்த மூன்று படிவத்திலும் அதை நிரப்பிக் காட்டி, பக்கத்தில் ‘மாற்ற’ என்று ஒரு இணைப்பு வையுங்கள்.

*

கேள்வி: கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். நானும் என் தங்கையும் சட்டித் தயிர் விற்கிறோம், ஓடர் எடுக்க ஒரு பக்கம் செய்து வைத்திருக்கிறோம். ஒரு கலியாண வீட்டுக்காரர் 10 சட்டி ஓடர் செய்தார், எங்களுக்கு 20 என்று வந்தது. கேட்டால், பக்கம் மெதுவாக இருந்ததால் புதுப்பித்தாராம். பட்டனை ஒரு தடவை அழுத்தியதும் மங்கச் செய்துவிட்டேன், ஆனாலும் இடைக்கிடை வருகிறது.

பதில்: பட்டனை மங்கச் செய்வது கை தடுமாறி இரண்டு தடவை அழுத்துவதற்குத்தான் உதவும். அவர் அழுத்தவில்லை, பக்கத்தைப் புதுப்பித்தார். உங்கள் கடைசிப் படிவத்தை வாங்கும் பக்கமே ‘நன்றி’ என்றும் காட்டுகிறது என்று நினைக்கிறேன். அந்த நிலையில் புதுப்பித்தால் பிரவுசர் அதே தரவைத் திரும்ப அனுப்பும். அனுப்பவா என்று அது ஒரு தடவை கேட்கும். ஆனால் அந்தக் கேள்வியை யாரும் வாசிப்பதில்லை, சரி என்று அழுத்துவார்கள்.

ஓடரை வாங்கி எழுதும் பக்கம் எதையும் காட்டக் கூடாது. எழுதியதும், வேறு பக்கத்துக்குப் போ என்று பிரவுசருக்குச் சொல்லும் 303 என்ற குறியீட்டோடு ‘நன்றி’ பக்கத்துக்குத் திருப்பிவிடவேண்டும். அதன்பிறகு அவர் நூறு தடவை புதுப்பித்தாலும் நன்றிப் பக்கம்தான் புதுப்பிக்கப்படும். அதோடு, படிவத்தைக் காட்டும்போதே ஒரு தடவை மட்டும் செல்லும் இலக்கம் ஒன்றை உள்ளே வையுங்கள். அந்த இலக்கத்தோடு ஓடர் ஒன்று வந்துவிட்டால் இரண்டாவதை எழுதாமல், முதல் ஓடரின் நன்றிப் பக்கத்தையே காட்டுங்கள். தரவுத்தளத்தில் அந்த இலக்கத்தைத் தனித்துவமானது என்று குறித்துவைத்தால், இரண்டு கோரிக்கை ஒரே நொடியில் வந்தாலும் ஒன்றுதான் உள்ளே போகும். மிஞ்சிய பத்துச் சட்டியும் வீணாகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது. இதை இந்தக் கிழமையே செய்துவிடுங்கள்.

*

கேள்வி: தம்பலகாமத்தில் ஆசிரியராக இருக்கிறேன். கூகுள் போர்ம்ஸில் இரண்டு படிவம் செய்திருக்கிறேன். முதலாவதில் பெற்றோர் எழுதும் மாணவர் பெயர் இரண்டாவதில் தானாக வருமா?

பதில்: தானாக வராது சேர். முன்நிரப்பிய இணைப்பு என்று கூகுள் போர்ம்ஸில் ஒரு வசதி உண்டு. அதில் ஒவ்வொரு மாணவருக்கும் பெயர் நிரம்பிய இணைப்பை நீங்களே தயாரித்துப் பெற்றோருக்கு அனுப்பலாம். பெயர் முகவரியில் தெரியும், பெற்றோர் அதை மாற்றவும் முடியும். ஆனால் உங்கள் தேவைக்கு இரண்டு படிவமே வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரே படிவத்தைப் பகுதிகளாகப் பிரியுங்கள். பதிலைப் பொறுத்து எந்தப் பகுதிக்குப் போவது என்றும் அதிலேயே அமைக்கலாம்.

*

கேள்வி: மூதூரில் ஒரு சங்கத்துக்கு அங்கத்துவப் படிவம் செய்தேன். ஆட்கள் ஃபோனில் நிரப்புகிறார்கள், இடையில் சிக்னல் போனால் எழுதினதெல்லாம் போய்விடுகிறது. தமிழில் விரல் நோக எழுதினது. இதைப் பிரவுசரிலேயே சேமித்து வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஜாவாஸ்க்ரிப்டில் இதற்கு இரண்டு பெட்டகம் இருக்கின்றன. ‘செஷன் ஸ்டோரேஜ்’ அந்த டாபுக்கு மட்டும் உரியது. பக்கம் புதுப்பித்தாலும் இருக்கும், டாபை மூடினால் போய்விடும். ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ பிரவுசரை மூடினாலும் கிடக்கும், நீங்களோ அவரோ அழிக்கும்வரை. பெயரில் செஷன் இருப்பதால் முதல் கேள்வியில் சொன்ன சேர்வர் செஷனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இது ஆளின் கருவிக்குள் இருப்பது. ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்து மாறும்போது செஷன் ஸ்டோரேஜில் எழுதி, பக்கம் திறக்கும்போது அதிலிருந்து நிரப்புங்கள். பத்துப் பதினைந்து வரியில் முடியும் வேலை.

அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் அதில் சேர்க்கவேண்டாம். சொந்த ஃபோன் இல்லாதவர்கள் மகனின் ஃபோனில் நிரப்புவார்கள், அல்லது கொம்யூனிகேஷன் கடைக் கொம்பியூட்டரில். டாபை மூடாமல் எழும்பிப் போனால் அடுத்து வருகிறவர் பார்ப்பார். எங்கள் அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. 2016இலிருந்து வரும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணாக இருந்தால் அதில் 500 கூட்டியிருக்கும். அதை எடுத்தவருக்கு ஆளின் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் கிடைத்துவிடும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இப்போது எங்கள் நாட்டில் இருக்கிறது. சங்கம் சின்னதென்றாலும், சேர்க்கிற தகவலுக்கு நீங்கள் பொறுப்பு.

அந்த ஒரு பெட்டியைப் படிவத்தின் கடைசியில் வையுங்கள். சிக்னல் போனாலும் திரும்ப எழுதவேண்டியது அந்த 12 இலக்கம் மட்டும்தான். படிவம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததும் பெட்டகத்தை அழிக்கும் வரியையும் மறக்காமல் சேருங்கள். செய்து முடித்து, உங்கள் ஃபோனை விமானப் பயன்முறைக்கு மாற்றிப் பாதியில் அறுத்துப் பாருங்கள், பிறகு உங்கள் அம்மாவிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று எழுதி அனுப்புங்கள்.